ஜாப் கார்டில் ஏறாத பழுது: சிறிய கார் வைத்திருப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் காரில் ஸ்டீரிங் விளக்கு முதன்முதலாக எரிந்தது ஒரு மே மாத நண்பகலில். வேலூரில் ஆற்காடு சாலையோரம் இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றிருந்த வண்டியை எடுத்துத் திருப்ப முயன்றபோது ஸ்டீரிங் கல்லைப் போல இறுகியிருந்தது. மீட்டரில் மஞ்சள் விளக்கும் எரிந்தது. கிரீன் சர்க்கிளைத் தாண்டுவதற்குள் விளக்கு தானாக அணைந்து ஸ்டீரிங்கும் பழையபடி இலகுவாகிவிட்டது. மறுநாள் காலை வெயில் ஏறுவதற்கு முன்பே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போனேன். அங்கிருந்த அட்வைசர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "இப்ப ஒண்ணும் இல்லையே சார், நல்லாத்தானே இருக்கு" என்றார். வண்டியை விடும்போது நம் புகாரைப் பதியும் படிவமான ஜாப் கார்டில் 'பொதுப் பரிசோதனை' என்று எழுதினார். நானும் கையெழுத்துப் போட்டேன்.

அந்த ஓராண்டுக்குள் இதே கதை மூன்று முறை நடந்தது. வாரண்டி முடிந்த அடுத்த மாதம் விளக்கு எரிந்தது எரிந்தபடியே நின்றுவிட்டது. ஸ்டீரிங்கை இலகுவாகத் திருப்ப உதவும் மோட்டாரை மாற்ற வேண்டும் என்றார்கள். அது என் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கியது. மூன்று முறை சொல்லியிருக்கிறேனே என்று வாதாடியபோது அவர்கள் கணினியைத் திருப்பிக் காட்டினார்கள். மூன்று வருகைகளுக்கும் நேராக 'பொதுப் பரிசோதனை' என்ற வார்த்தை மட்டுமே இருந்தது. நான் வாயால் சொன்னது எதுவும் அதில் ஏறியிருக்கவில்லை.

கார் வைத்திருப்பவர்கள் செய்யும் தவறுகளில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன். வாரண்டி என்பது எழுத்தோடு எழுத்து மோதும் விஷயம். நாம் சொன்ன சொல்லுக்கு அதில் இடமில்லை. 'ஸ்டீரிங் சரியில்லை' என்று எழுதச் சொல்வதும் போதாது. "நண்பகலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெயிலில் நின்ற பின் எடுத்தால் முதல் ஐந்து நிமிடம் ஸ்டீரிங் கனக்கிறது, மஞ்சள் விளக்கு எரிகிறது, இம்மாதம் மூன்று முறை நடந்தது" என்று எப்போது, எந்த நிலையில், எத்தனை முறை என்பது விளங்கும்படி பதிவாக வேண்டும். அட்வைசர் ஆங்கிலத்தில் எழுதினால் அதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னது அதில் இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள். விளக்கு எரியும்போது, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, ஓடிய கிலோமீட்டரும் தெரியும்படி செல்போனில் ஒரு நிமிடக் காணொளி எடுத்து வைப்பது வந்து வந்து போகும் பழுதுகளுக்கு மிகவும் உதவும். வெயிலில் மட்டும் வரும் பழுது என்றால் வண்டியை நண்பகலில் அங்கேயே விட்டுவிட்டு வருவதும் நல்லது. காலை எட்டு மணிக்கு அந்தப் பழுது அகப்படாது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. சோதித்துவிட்டு ஒன்றும் இல்லை என்று சொன்னால், 'புகார் கூறப்பட்டது, பழுது காணப்படவில்லை' என்று பில்லில் எழுதித் தரும்படி கேட்டு வாங்க வேண்டும். பார்ப்பதற்கு நமக்கு எதிரான வரி போலத் தோன்றினாலும் உண்மையில் அது நமக்குச் சாட்சி. வாரண்டிக் காலத்துக்குள் பதிவான குறை தீராமல் தொடர்ந்து வந்தது என்று காட்ட முடிந்தால், காலம் முடிந்த பின்னும் வலுவாக வாதிட இடமிருக்கிறது. எனக்கு அந்த ஒரு வரி இல்லாமல் போயிற்று.

எஞ்சின் விளக்கு எரியும்போதும் இதே போன்ற தவறு நடக்கிறது. பேட்டரி வயரைக் கழற்றிப் பத்து நிமிடம் கழித்து மாட்டினால் விளக்கு அணைந்துவிடும் என்று யாராவது சொல்வார்கள். பல வண்டிகளில் அணையவும் செய்யும். ஆனால் வண்டியின் கணினியில் பதிந்திருந்த பிழைக் குறியீடும், பழுது நேர்ந்த கணத்தில் எஞ்சின் என்ன வெப்பத்தில், என்ன வேகத்தில் இருந்தது என்ற விவரமும் அதோடு அழிந்து போகும். ஸ்கேனர் போட்டுப் பார்க்கிறவருக்குக் கிடைக்கும் முக்கியத் தடயம் அதுதான். விளக்கு மஞ்சளாக நிலையாக எரிந்தால் நிதானமாக ஓட்டிச் சென்று காட்டலாம். விட்டு விட்டு மின்னினால் எஞ்சினுக்குள் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று பொருள். எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதையே கெடுத்துவிடும் என்பதால் அப்போது ஓட்டக்கூடாது. சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே எஞ்சினை அணைத்துவிட வேண்டும்.

இனி இந்த ஊருக்கே உரிய தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். பாலாற்றங்கரை ஊர்களில் ஆழ்துளைக் கிணற்றின் போர்த் தண்ணீர் எப்படி இருக்கும் என்பதை இங்கே குடியிருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பாத்திரத்தில் காய்ச்சினால் அடியில் வெள்ளையாகப் படியும் அதே உப்புத்தான் ரேடியேட்டரிலும் படிகிறது. என் மைத்துனர் கத்திரி வெயிலில் குடும்பத்தோடு வாணியம்பாடிக்குப் போகும்போது, பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைத் தாண்டியதும் வெப்பநிலை விளக்கு சிவந்தது. டீக்கடையில் இருந்து ஒரு குடம் தண்ணீர் வாங்கி ஊற்றினார், வண்டியும் ஓடியது. அதை அப்படியே மறந்துவிட்டு எட்டு மாதம் ஓட்டினார். பிறகு வாட்டர் பம்ப் ஒழுகத் தொடங்கியபோது, சர்வீஸ் சென்டரில் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் டப்பாவைத் திறந்து, பச்சையாக இருக்க வேண்டிய திரவம் டீ டிகாஷன் நிறத்தில் துருவோடு கிடந்ததைப் படம் பிடித்தார்கள். வாரண்டி கோரிக்கை அந்தப் படத்தோடு முடிந்துவிட்டது.

வெப்பநிலை ஏறினால் செய்ய வேண்டியது எளிது. ஏசியை அணைத்து, வண்டியை ஓரம் கட்டி, எஞ்சினை நிறுத்திவிட்டு, குறைந்தது அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். கூலன்ட் அழுத்தத்தில் இருப்பதால் சூட்டோடு மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். ஆறிய பின் வேறு வழியே இல்லையென்றால் பாட்டில் குடிநீரை ஊற்றுங்கள். போர்த் தண்ணீர் வேண்டாம். ஊர் திரும்பியதும் முழுவதையும் வடித்துவிட்டு, வண்டியின் கையேட்டில் குறிப்பிட்ட கூலன்டை நிரப்பி, அதற்குப் பில்லும் வாங்கி வையுங்கள். 'இன்னும் கொஞ்ச தூரம்தானே, ஆம்பூர் வரை இழுத்துவிடலாம்' என்ற எண்ணம்தான் எல்லாவற்றிலும் விலை கூடியது. எஞ்சினின் மேல்பகுதியான அலுமினிய சிலிண்டர் ஹெட் சூட்டில் வளைந்துவிட்டால் செலவு சில நூறுகளில் இருந்து பல ஆயிரங்களுக்குத் தாவும். சிவப்பு விளக்கு எரிந்த பிறகும் ஓட்டியதால் வந்த சேதம் என்று சொல்லி வாரண்டியும் மறுக்கப்படும்.

செல்ஃப் எடுக்கவில்லை என்றதும் பேட்டரியை மாற்றிவிடுவது அடுத்த அவசரம். ஒரு மல்டிமீட்டர் இருந்தால் மெக்கானிக் ஐந்து நிமிடத்தில் உண்மையைச் சொல்லிவிடுவார். இரவு முழுவதும் நின்ற வண்டியில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும்; 12.2 என்றால் பாதி இறங்கிவிட்டது. எஞ்சின் ஓடும்போது பெரும்பாலும் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் குற்றம் பேட்டரியில் இல்லை, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரிலோ அதைச் சுழற்றும் பெல்ட்டிலோ இருக்கலாம். புதுப் பேட்டரி போட்டாலும் சில நாளில் அதுவும் இறங்கிவிடும். பேட்டரிக்கும் டயருக்கும் வாரண்டி பொதுவாகக் கார் நிறுவனத்துடையது அல்ல, அவற்றைத் தயாரித்தவர்களுடையது. அந்த அட்டைகளைக் கார் வாங்கிய அன்றே தனியாக எடுத்து வைக்காதவர்கள் பிறகு தேடி அலைகிறார்கள்.

ஏசி குளிர்ச்சி குறைந்தால் வருடா வருடம் கேஸ் நிரப்பிக் கொள்வதும் வீண். கேஸ் பெட்ரோல் போலச் செலவாகிற பொருள் அல்ல. பெரிதாகக் குறைந்தது என்றால் எங்கோ கசிகிறது. கசிவைக் கண்டுபிடிக்கச் சொல்லி, அதையும் ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள்.

புது வண்டிக்கு வெளிக்கடையில் ஸ்டீரியோ, ஹாரன், பளிச்சென்ற பல்பு போடுவது நம் ஊரில் ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. வயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றிய ஓர் இணைப்பு போதும். பிறகு மின்சாரத்தில் வரும் எந்தப் பழுதுக்கும் அதையே காரணமாகக் காட்டுவார்கள், பல நேரம் அது உண்மையாகவும் இருக்கும். 60/55 வாட் பல்புக்கென்று அமைத்த வயரில் 100/90 வாட் பல்பு போட்டால் ஹோல்டர் உருகும். ஆசை தாங்கவில்லை என்றால், வயரை வெட்டாமல் வண்டியிலேயே உள்ள இணைப்பியான கப்ளரில் மாட்டக்கூடியதை மட்டும் வாங்குங்கள்.

வெளி மெக்கானிக்கிடம் காட்டினாலே வாரண்டி போய்விடுமா என்ற கேள்வியும் அடிக்கடி எழுகிறது. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு எதிராக அளித்த உத்தரவில், வெளியில் பழுது பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றும், அந்த வேலையால் நேர்ந்த சேதத்துக்கு மட்டுமே மறுக்கலாம் என்றும் கூறியது. அந்த உத்தரவு மேல்முறையீடுகளுக்கும் போனது. சட்டம் எப்படியிருந்தாலும், கவுன்டரில் நின்று வாதாடும் நிலை வராமல் இருக்க, வாரண்டி முடியும் வரை ஆயில் மாற்றுவதையும் அங்கீகரிக்கப்பட்ட இடத்திலேயே செய்வதுதான் நல்லது என்பது என் கருத்து. பஞ்சர் போடுவதற்கு இது பொருந்தாது.

குறைவாக ஓட்டுபவர்கள் ஏமாறும் இடம் சர்வீஸ் தேதி. வீட்டில் இருந்து காட்பாடி ரயில் நிலையத்துக்கு மட்டும் போய் வரும் கார் ஆண்டுக்கு மூவாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாது. கையேட்டில் 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அது என்று போட்டிருந்தால், அந்த வண்டிக்கு ஓராண்டுதான் கணக்கு. கிலோமீட்டர் ஆகவில்லையே என்று இரண்டு ஆண்டு விட்டுவிட்டால், எஞ்சின் பழுதுக்கு வாரண்டி கேட்கும்போது அந்த இடைவெளியையே முதலில் காட்டுவார்கள்.

கிளட்ச் பிளேட், பிரேக் பேட், வைப்பர், ஃபில்டர் ஆகியவை தேயும் பாகங்கள் என்பதால் இவற்றின் தேய்மானத்துக்கு வாரண்டி கிடையாது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் கிளட்சைப் பாதி மிதித்தபடியே ஏறுபவர்கள் மலை உச்சியில் கருகல் வாடையை உணர்வார்கள். அந்தச் செலவு அவர்களுடையது. வெள்ளச் சேதமும் அப்படித்தான். 2021 நவம்பரில் பாலாறு கரை தொட்டு ஓடியபோது தண்ணீரில் நின்ற கார்களைப் போல இனி எந்தக் கார் மூழ்கினாலும், தண்ணீர் வடிந்ததும் செல்ஃப் அடித்துப் பார்க்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அந்த வண்டியை இழுத்துத்தான் செல்ல வேண்டும். வெள்ளச் சேதத்துக்கு இன்சூரன்ஸைத்தான் நாட வேண்டும். எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் பிரிவு இருக்கிறதா என்று பாலிசியை இப்போதே பார்த்து வையுங்கள்.

கோரிக்கையை மறுத்துவிட்டால் கவுன்டரில் குரலை உயர்த்துவதால் ஒன்றும் நடக்காது. எந்தக் காரணத்தால் மறுக்கிறார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள்; டீலருக்கும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்க முடியும் என்பதால், காரைச் சென்னையில் வாங்கியிருந்தாலும் வேலூரில் வழக்குப் போடலாம். பிரச்சினை எழுந்த நாளில் இருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய்.

வழக்குப் போடும் எண்ணம் இருந்தால், அதற்கு முன் வண்டியை வேறு இடத்தில் சரிசெய்து பழைய பாகத்தைக் காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள். குறை உற்பத்தியிலா, பராமரிப்பிலா என்பதில் தகராறு வந்தால் ஆணையம் அதை நிபுணரின் பரிசோதனைக்கு அனுப்பலாம். அந்த நிபுணர் பார்ப்பதற்கு அந்தப் பாகம் இருக்க வேண்டும். ஓட்டியே ஆக வேண்டும் என்று காசு கொடுத்து மாற்றினால், கழற்றும்போது படம் எடுத்து, கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்கி, அதில் உள்ள எண் தெரியும்படி ஒரு பையில் போட்டுப் பில்லோடு சேர்த்துக் கட்டி வையுங்கள்.