விடுமுறையில் தொண்டூழியம்: பணம் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை

வெளிநாட்டுப் பயணத்தோடு தொண்டூழியத்தையும் சேர்த்துச் செய்ய விரும்பி, எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் கோலாலம்பூரின் செந்தூலில் வசிக்கும் கணக்காளர். இருமுறை அவ்வாறு சென்றிருக்கிறேன். முதல் முறை தவறாகவும், இரண்டாம் முறை ஓரளவு சரியாகவும். விமானச் சீட்டு, தடுப்பூசி, பயணக் காப்புறுதி ஆகியவற்றை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதல் படியாக, உங்களுக்கு என்ன வேலை தெரியும் என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். "அன்பு காட்டுவேன்", "எதையும் செய்வேன்" என்பவை கணக்கில் சேரா. எழுதி முடித்ததும், அதே வேலையைக் கோலாலம்பூரில் செய்ய உங்களை அனுமதிப்பார்களா என்று எண்ணிப் பாருங்கள். முன்பின் தெரியாத ஒருவர் பிரிக்ஃபீல்ட்ஸ் பாலர் பள்ளி ஒன்றுக்குச் சென்று, இரண்டு வாரம் பிள்ளைகளோடு விளையாடிவிட்டுப் போகிறேன் என்றால், காவலர் அவரை வாசலிலேயே நிறுத்திவிடுவார். இங்கே கிடைக்காத அந்த அனுமதி ஏழை நாடொன்றில் பணம் கட்டினால் கிடைக்கிறது என்றால், அந்தப் பணம் எதற்கான விலை என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இரண்டாம் படி, அந்த வேலை யாருக்காக நடக்கிறது என்று ஆராய்வது. நான் இடறி விழுந்தது இங்கேதான். ஒரு முகவர் நிறுவனத்தின் வழியாக இரண்டு வாரத்துக்கு 1,900 ரிங்கிட் கட்டி, கம்போடியாவில் "ஆதரவற்ற பிள்ளைகள் இல்லம்" என்று அறிவிக்கப்பட்டிருந்த ஓர் இடத்திற்குச் சென்றேன். உள்ளே நுழைந்த ஐந்தாவது நிமிடத்தில் நான்கு வயதுப் பெண் பிள்ளை ஒருத்தி என் மடியில் ஏறி அமர்ந்துகொண்டபோது நெகிழ்ந்துபோனேன். நான்காம் நாள் மாலை ஒரு பெண்மணி மோட்டார் சைக்கிளில் வந்து, பையன் ஒருவனிடம் மாம்பழப் பை ஒன்றைக் கொடுத்து, அவன் தலையைத் தடவிவிட்டுச் சென்றார். யார் என்று சமையற்கார அம்மாவிடம் கேட்டேன். "அவன் அம்மா" என்றார், அதில் வியக்க ஒன்றுமே இல்லாததுபோல.

ஊர் திரும்பிய பிறகே படித்தேன். கம்போடியாவில் 2005-க்கும் 2010-க்கும் இடையில் இத்தகைய இல்லங்களின் எண்ணிக்கை 75 விழுக்காடு உயர்ந்ததாகவும், அவற்றில் இருந்த பிள்ளைகளில் ஏறத்தாழ நால்வரில் மூவருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிருடன் இருந்ததாகவும் யுனிசெஃப் எடுத்துக்காட்டியிருந்தது. வருகையாளர் பணம் தரும் இடத்தில் இல்லங்கள் முளைக்கின்றன. இல்லம் நிரம்பப் பிள்ளைகள் தேவைப்படுகிறார்கள். படிப்பும் சோறும் கிடைக்கும் என்ற சொல்லை நம்பி ஏழைப் பெற்றோர் அனுப்பிவைக்கிறார்கள். ஆஸ்திரேலியா 2018-இல் நவீன அடிமை முறைச் சட்டத்தை இயற்றியபோது, பிள்ளைகளை இவ்வாறு இல்லங்களுக்குக் கொண்டுசேர்ப்பதையும் அந்த அடிமை முறையின் ஒரு வடிவமாகக் கருதியது. என் மடியில் ஏறியமர்ந்த பிள்ளையைப் பற்றியும் இப்போது வேறு விதமாகவே எண்ணுகிறேன். வீட்டில் வளரும் நான்கு வயதுப் பிள்ளை புதியவரைக் கண்டால் தாயின் பின்னால் ஒளியும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆள் மாறும் இடத்தில் வளரும் பிள்ளைதான் யார் வந்தாலும் ஒட்டிக்கொள்ளும். ஆகவே இதில் என் முடிவு திட்டவட்டமானது: பிள்ளைகள் தங்கும் இல்லங்களுக்குக் குறுகிய காலத் தொண்டூழியராகச் செல்லாதீர்கள்.

விலங்குகள் என்றால் ஒரே சோதனை போதும்: தொட விடுகிறார்களா? மனிதரின் சளியும் காய்ச்சலும் ஓராங் ஊத்தானுக்குத் தொற்றக்கூடியவை. குட்டியைத் தூக்கிப் படமெடுக்கவிடும் இடம் அதைக் காட்டுக்குத் திருப்பி அனுப்பும் எண்ணத்தோடு வளர்க்கவில்லை. ஆமைக் குஞ்சுகளும் அப்படியே. முட்டையிலிருந்து வெளிவந்தவுடன் ஆழ்கடலை நோக்கி நீந்துவதற்கான வலுவை மஞ்சள் கருவின் மிச்சமே தருகிறது. வருகையாளர் விட்டு மகிழ்வதற்காகக் குஞ்சுகளை நாள்கணக்கில் தொட்டியில் வைத்திருந்தால் அந்த வலு அங்கேயே செலவாகிவிடும். பினாங்கின் பந்தாய் கெராச்சூட் போன்ற ஆமைப் பாதுகாப்பு மையங்களுக்குச் செல்வோர், முட்டைகளும் குஞ்சுகளும் எப்படிப் பேணப்படுகின்றன என்று அங்குள்ள பணியாளரிடம் விசாரித்துக் கற்றுக்கொள்ளலாம்.

மூன்றாம் படி, கேள்விகளை அனுப்புவது. புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) கேட்காமல் மின்னஞ்சலில் கேளுங்கள்; புலனத்தில் இதயப் படங்களோடு வரும் பதிலைப் பிறகு யாரிடமும் காட்ட முடியாது. நான் கட்டும் தொகையில் எவ்வளவு அந்த ஊரைச் சேர்கிறது, நான் இல்லாத மாதங்களில் இந்த வேலையைச் செய்பவர் யார், என் வருகையால் உள்ளூர்க்காரர் எவராவது கூலியை இழக்கிறாரா, என்னைப் பற்றி நீங்கள் எதைச் சரிபார்ப்பீர்கள் ஆகிய நான்கும் போதும். கடைசிக் கேள்விக்கு வரும் பதிலையே நான் பெரிதாக மதிக்கிறேன். கடன் அட்டை எண்ணை மட்டும் கேட்பவர்களை விலக்கிவிடுங்கள். மலேசிய வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ரா வழங்கும் நன்னடத்தைச் சான்றிதழைக் கேட்பவர்கள் நம்பத்தக்கவர்கள். அது கைக்கு வரக் காலம் பிடிக்கும் என்பதால் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

குடிநுழைவு விதிகளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சம்பளம் வாங்காத வேலையும் பல நாடுகளின் சட்டத்தில் வேலையே. இந்தியாவின் மின்சுற்றுலா விசா, எந்தக் கைம்மாறும் பெறாத தொண்டூழியத்தை அதிகபட்சம் ஒரு மாதம் அனுமதிக்கிறது. எங்கு சென்றாலும் அந்நாட்டுத் தூதரகத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். "எல்லாரும் சுற்றுலா விசாவில்தான் வருகிறார்கள்" என்று முகவர் சொன்னால் அவரை நம்ப வேண்டாம்.

அப்படியானால் போகவே வேண்டாமா? 1968-இல் இவான் இல்லிச் என்ற பாதிரியார், மெக்சிகோவில் அமெரிக்க மாணவத் தொண்டூழியர்களுக்கு முன்னால் நின்று, பார்க்க வாருங்கள், கற்க வாருங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்ற பொருளில் பேசினார். அவர் சற்று மிகையாகவே பேசினார் என்பது என் எண்ணம். என் இரண்டாம் பயணத்தில் தமிழ்நாட்டின் சிறு தொண்டு அமைப்பு ஒன்றில் மூன்று வாரம் பின்னறையில் அமர்ந்து, நான்கு ஆண்டுப் பற்றுச்சீட்டுகளை விரிதாளில் ஏற்றினேன். அங்கிருந்த கணக்குப்பிள்ளைக்கு அதைத் தொடரவும் சொல்லிக்கொடுத்தேன். படமெடுக்க ஒன்றும் இல்லை, மின்விசிறியும் பாதி நேரம் ஓடவில்லை. ஆனால் அடுத்த ஆண்டுத் தணிக்கையை அவர் என்னைக் கேட்காமலே முடித்தார்.

பிற்சேர்க்கை: தொலைவு போக வசதியில்லை என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். மலேசியா 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அகதிப் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளிகளில் இடமில்லாததால் கோலாலம்பூரிலேயே சமூகக் கற்றல் மையங்கள் பல இயங்குகின்றன. அங்கே தொண்டூழியம் செய்ய இலகு ரயிலிலேயே போய்வரலாம். பிள்ளைகள் மாலையில் வீடு திரும்புகிறார்கள் என்பதால் நான் மேலே சொன்ன தடை இங்கே பொருந்தாது. ஆயினும் ஒரு பள்ளித் தவணை முழுவதும் வாரந்தோறும் வர முடிந்தால் மட்டுமே சேருங்கள்.

இன்னொருவர், இல்லம் ஒன்றுக்கு ஏற்கெனவே முன்பணம் கட்டிவிட்டதாகக் கேட்டிருந்தார். பிள்ளைகளை நேரில் சந்திக்காத வேலைக்கு, கணக்கோ கட்டடப் பழுதுபார்ப்போ எதுவாயினும், மாற்றித்தரும்படி கேளுங்கள். மறுத்தால் முன்பணம் போனாலும் பயணத்தைக் கைவிடுங்கள். ரத்து விதி வழக்கமாக விண்ணப்பப் பாரத்தின் கடைசிப் பக்கத்தில் சிறு எழுத்தில் இருக்கும். அதில் குறிப்பிட்டுள்ள கடைசி நாளை இன்றே பார்த்துவிடுங்கள்.