அனுப்பாத மெயில் பவுன்ஸ் ஆகி வந்தால் செய்யக்கூடாதவை

அலுவலக மெயில் சர்வரைப் புதிதாகப் பொறுப்பேற்பவர்கள் இன்றும் அதே கூத்தைத்தான் அடிக்கிறார்கள். காலையில் இன்பாக்ஸைத் திறந்தால் ‘மெயிலர் டீமன்’ பெயரில் பவுன்ஸ், அதாவது மெயில் போய்ச் சேரவில்லை என்று சர்வர் அனுப்பும் அறிவிப்பு, குவிந்து கிடக்கிறது. அந்த மெயில்களை இங்கிருந்து யாருமே அனுப்பவில்லை. பதற்றத்தில் ஏதோ ஒரு செட்டிங்கை மாற்றுகிறார்கள். பவுன்ஸ் செய்த தொல்லையைவிட அந்த மாற்றம் செய்யும் சேதம் பெரிது.

தெரியாத அட்டாச்மென்ட்டைத் திறக்காதீர்கள் என்பதையெல்லாம் இங்கே திரும்பச் சொல்லப்போவதில்லை. ஒன்றே ஒன்று: 2004 ஜனவரியில் பரவிய மைடூம் வைரஸ் தானே ஒரு பவுன்ஸ் போல வேடம் போட்டு வந்தது. பவுன்ஸோடு வரும் ஜிப் கோப்பும் அட்டாச்மென்ட்தான்.

நண்பர் மேல் பழி போடுவது

2003 ஆகஸ்டில் சோபிக்.எஃப் என்ற வைரஸ் செய்ததைப் பார்த்தால் விஷயம் புரியும். வைரஸ் புகுந்த கணினியில் இருக்கும் முகவரிகளையெல்லாம் அது திரட்டும். ஒன்றை அனுப்புநராகவும் இன்னொன்றைப் பெறுநராகவும் போட்டு அனுப்பிவிடும். தபால் உறையில் அனுப்புநர் இடத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம் அல்லவா, மெயில் அனுப்பும் நெறிமுறையான எஸ்.எம்.டி.பி.யும் அப்படித்தான். ஆக, பெரும்பாலும் வைரஸ் இருப்பது உங்கள் கணினியிலும் இல்லை, பவுன்ஸில் பெயர் தெரிகிறவர் கணினியிலும் இல்லை. இருவர் முகவரியும் உள்ள மூன்றாவது ஆளிடம் இருக்கிறது.

தலைப்பு வரிகளைப் பார்க்காமல் முடிவுகட்டுவது

முறையான பவுன்ஸில் மூன்று பகுதிகள் உண்டு: மனிதருக்கான விளக்கம், சர்வருக்கான நிலைக் குறிப்பு, மூல மெயில் அல்லது அதன் தலைப்பு வரிகள் (ஹெடர்). மூன்றாம் பகுதியில், மெயில் கடந்த ஒவ்வொரு சர்வரும் மேலே மேலே சேர்த்த ‘ரிசீவ்டு’ வரிகளைப் படியுங்கள். கீழே இருப்பவற்றை அனுப்பியவன் இட்டுக்கட்டியிருக்கலாம். பெறுநர் தரப்பு சர்வர், வெளியிலிருந்து மெயிலை முதலில் வாங்கியபோது எழுதிய வரிதான் நம்பத்தக்கது. அதிலுள்ள ஐ.பி. எண் உங்கள் சர்வருடையது இல்லையென்றால் முகவரி மட்டும்தான் திருட்டுப் போயிருக்கிறது. பாஸ்வேர்டு மாற்றுவதால் பவுன்ஸ் நிற்காது.

கூகுள், மைக்ரோசாஃப்ட் வழியாக மெயில் அனுப்பும் அலுவலகங்களுக்கு ஐ.பி. மட்டும் போதாது, ஊரே அந்த எண்களைத்தான் பயன்படுத்துகிறது. ஒவ்வொரு மெயிலுக்கும் தனியாக உள்ள மெசேஜ்-ஐடியை அந்தத் தலைப்பு வரிகளிலிருந்து எடுத்து நிர்வாகப் பக்கத்தின் மெயில் லாக்கில் தேடுங்கள். அங்கே கிடைத்தால் கணக்கு உண்மையிலேயே பறிபோயிருக்கிறது. பாஸ்வேர்டை மாற்றுவதோடு நிற்காமல், திறந்திருக்கும் எல்லா லாகின்களையும் துண்டியுங்கள். ஃபார்வர்டு விதிகளையும் ஆப் பாஸ்வேர்டுகளையும் நீக்குங்கள்.

வெற்று அனுப்புநர் மெயிலை மொத்தமாகத் தடுப்பது

எத்தனை முறை சொன்னாலும் இந்த ஒன்று மட்டும் நிற்பதில்லை. முறையான பவுன்ஸ் எல்லாமே < > என்ற வெற்று அனுப்புநர் முகவரியோடு வரும். பவுன்ஸுக்கே ஒரு பவுன்ஸ் கிளம்பி இரண்டு சர்வர்கள் முடிவில்லாமல் பந்தாடக்கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. இதைக் கண்டுபிடித்ததும் புதியவருக்கு ஒரு ஞானோதயம்: வெற்று அனுப்புநரை நிராகரி என்று ஒரே வரி விதி. பத்து நிமிடத்தில் இன்பாக்ஸ் சுத்தம், முதலாளியிடம் பாராட்டு.

சிக்கல் பிறகு வரும். விற்பனைப் பிரிவு ஒரு விலைப்பட்டியலை அனுப்புகிறது. வாடிக்கையாளர் முகவரியில் ஒரு எழுத்து பிசகிவிட்டது. அதைச் சொல்லவேண்டிய பவுன்ஸை உங்கள் சர்வரே வாசலில் திருப்பி அனுப்பிவிடுகிறது. போய்ச் சேர்ந்துவிட்டது என்று இவர்கள் காத்திருப்பார்கள், வரவே இல்லை என்று அவர்கள் வேறு இடத்தில் ஆர்டர் கொடுத்திருப்பார்கள். வாசித்ததற்கான ரசீதுகளும் வெற்று அனுப்புநரோடுதான் வரும், அவையும் போச்சு. அதோடு, சில சர்வர்கள் மெயிலை ஏற்கும் முன் அனுப்புநர் முகவரி நிஜமா என்று வெற்று அனுப்புநராக உங்களிடம் வந்து தட்டிப்பார்க்கும். நீங்கள் கதவடைத்தால் உங்கள் நல்ல மெயிலையும் அவை வாங்காது. இதற்கெல்லாம் நம் விதிதான் காரணம் என்று லாக்கில் பளிச்சென்று தெரியாது என்பதுதான் எரிச்சல்.

நிஜப் பவுன்ஸையும் போலிப் பவுன்ஸையும் பிரித்தறிய பி.ஏ.டி.வி. என்ற முறை உண்டு. வெளியே போகும் ஒவ்வொரு மெயிலின் உறை முகவரியிலும் (சர்வர்கள் தமக்குள் சொல்லிக்கொள்ளும் அனுப்புநர் முகவரி) சர்வர் ஒரு ரகசியக் குறியைச் சேர்க்கும்; வழக்கமாக அது ஏழு நாளில் காலாவதியாகும். குறியுள்ள முகவரிக்கு வரும் பவுன்ஸ் நிஜம், மற்றது போலி. எக்ஸிம் என்ற மெயில் சர்வர் மென்பொருளில் இதற்கான வசதி உள்ளேயே இருக்கிறது, போஸ்ட்ஃபிக்ஸ் மென்பொருளுக்குத் தனி மில்ட்டர் (கூடுதல் வடிகட்டி) வேண்டும். நிராகரிப்பதைப் பெறுநர் முகவரி சொல்லும் கட்டத்தில் செய்யாமல் மெயிலின் உள்ளடக்கத்தை அனுப்பும் டேட்டா கட்டத்தில் செய்யுங்கள். தட்டிப்பார்க்கும் சர்வர்கள் அதற்கு முன்பே திரும்பிவிடும். அலுவலக மெயில் எல்லாம் அந்த ஒரு சர்வர் வழியாகப் போனால்தான் இது சரிவரும். யாராவது வேறு சேவை வழியாக அனுப்பினால் அவருடைய நிஜப் பவுன்ஸும் அடிபடும்.

இவ்வளவுக்கு வசதியில்லையா? பவுன்ஸை அழிக்காமல் தனி ஃபோல்டருக்குத் தள்ளுங்கள். போலிப் பவுன்ஸ் அலை பெரும்பாலும் சில நாட்களில் தானாக அடங்கும்.

கேட்ச்-ஆல் திறந்து வைப்பது

மூடுங்கள். டொமைனில் இல்லாத முகவரிக்கு வரும் மெயிலையும் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இது. டொமைன் பெயரில் கற்பனையாக உருவாக்கிய முகவரிகளுக்கெல்லாம் வரும் பவுன்ஸ் ஒரே இன்பாக்ஸில் கொட்டுவது இதனால்தான்.

பவுன்ஸுக்குப் பதில் எழுதுவது

யாரும் படிப்பதில்லை.

எஸ்.பி.எஃப். அரைகுறையாக வைப்பது

எஸ்.பி.எஃப். என்பது உங்கள் டொமைன் பெயரில் எந்தெந்த சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்று டி.என்.எஸ்ஸில் வைக்கும் பதிவு. அது உறை முகவரியைத்தான் சோதிக்கிறது, பவுன்ஸ் போவதும் அந்த முகவரிக்குத்தான். ஆகவே போலியை வாசலிலேயே தடுக்க இது நேரடியாக உதவும். ஆனால் ஒரு டொமைனுக்கு ஒரு எஸ்.பி.எஃப். பதிவுதான். இரண்டு வைத்தால் பிழை. உள்ளே டி.என்.எஸ். தேடல் பத்தைத் தாண்டினாலும் பிழை. சோதனையில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று பெறும் சர்வருக்குச் சொல்லும் டிமார்க் பதிவில் ‘நன்’ (எதுவும் செய்யாதே) என்று மட்டும் போட்டுவிட்டுப் பாதுகாப்பு வந்துவிட்டதாக நினைப்பவர்களும் உண்டு. அது அறிக்கை கேட்பதற்கு மட்டும்தான். சில வாரம் அறிக்கைகளைப் பார்த்து, நியாயமான சர்வர்கள் எல்லாம் தேறுகின்றன என்று உறுதியானதும் ‘குவாரன்டைன்’ (ஒதுக்கி வை), பிறகு ‘ரிஜெக்ட்’ (மறு).

நம் சர்வரே அடுத்தவருக்கு இதைச் செய்வது

ஆன்டிவைரஸில் ‘அனுப்பியவருக்குத் தெரிவி’ என்ற வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். அனுப்புநரே பொய் எனும்போது யாருக்குத் தெரிவிப்பது? இல்லாத பெறுநருக்கு வரும் மெயிலை வாங்கிவிட்டுப் பிறகு திருப்பாமல், பெறுநர் முகவரி சொல்லும்போதே 550 என்ற மறுப்பு எண்ணைச் சொல்லி மறுக்கவேண்டும். முதன்மை சர்வர் படுத்தால் மெயிலை வாங்கிவைக்கும் பேக்கப் எம்.எக்ஸ். சர்வரில் பெறுநர் பட்டியல் இல்லையென்றால் அது எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். முதன்மை சர்வர் மறுத்ததும் அப்பாவி யாருக்கோ பவுன்ஸ் கிளம்பும். போஸ்ட்ஃபிக்ஸ் என்றால் அந்தப் பட்டியலை ரிலே ரிசிப்பியன்ட் மேப்ஸ் என்ற செட்டிங்கில் கொடுங்கள், முடியாவிட்டால் பேக்கப் எம்.எக்ஸை எடுத்துவிடுங்கள். முதன்மை சர்வர் சில மணி நேரம் படுத்தாலும் அனுப்பும் சர்வர்கள் தம் வரிசையில் வைத்திருந்து மீண்டும் முயலும்.