சுயாதீன திகில் பட இயக்குநர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரிய நடிகர் வேண்டாம், செட் வேண்டாம், ஒரு வீடும் நாலு பேரும் இருந்தால் போதும் என்ற நம்பிக்கைதான் புதியவர்களைத் திகில் படத்தின் பக்கம் இழுக்கிறது. அதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’: இயக்குநரின் சொந்த வீடு, ஏழு நாள் படப்பிடிப்பு, சுமார் 15,000 டாலர் செலவு. படம் பிடித்தது 2006-ல், பரவலாகத் திரையரங்குக்கு வந்தது 2009-ல் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நடுவில் திரைப்பட விழா, மறு எடிட்டிங், ஸ்டுடியோவுடன் பேச்சு, முடிவுக் காட்சி மாற்றம் என்று மூன்று வருடம் போயிற்று. ஏழு நாளுக்குத் திட்டம் போட்டுவிட்டு அந்த மூன்று வருடத்தை மறந்துவிடுவதுதான் முதல் தவறு. மற்றவை பெரும்பாலும் அதிலிருந்து கிளைப்பவை.

பணத்தைப் படப்பிடிப்பிலேயே கரைப்பது

கையில் இருப்பது நூறு பங்கு என்றால், அறுபதுக்குள் படப்பிடிப்பை முடித்துவிடுங்கள். முப்பது எடிட்டிங், ஒலி, கலர், விழாக் கட்டணங்களுக்கு. மீதிப் பத்து எதிர்பாராத செலவுக்கு. எடிட்டிங் பணத்தை முதல் நாளே வேறு கணக்கில் போட்டுவிட வேண்டும்; கண்ணில் பட்டால் கடைசி வாரத்தில் கை அதில்தான் போகும். பாதி எடிட்டோடு ஹார்ட் டிஸ்க்கில் தூங்கும் படங்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

ஷெட்யூலிலும் இதே கணக்குப் பிழை நடக்கிறது. வெறும் பேச்சுக் காட்சி என்றால் ஒரு நாளில் ஸ்கிரிப்ட்டில் நாலைந்து பக்கம் எடுக்கலாம். ரத்தமோ மேக்கப் எஃபெக்டோ இருந்தால் இரண்டு பக்கம் முடிந்தாலே பெரிது. இரவுப் படப்பிடிப்புக்கு இருட்டு எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்று பார்க்காமல் தேதி போடுகிறார்கள்; கோடையில் இரவு சுருங்கும். பகல் ஷெட்யூலிலிருந்து இரவுக்கு மாறும்போது நடுவில் ஒரு நாள் ஓய்வு, பேக்கப்புக்கும் அடுத்த நாள் தொடக்கத்துக்கும் இடையே குறைந்தது பத்து மணி நேரம் விட வேண்டும். விடிய விடிய வேலை செய்த ஆள் தானே வண்டி ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவது, படத்தில் உள்ள எந்தப் பேயையும்விட ஆபத்து.

இருட்டு என்றால் விளக்கை அணைப்பது என்று நினைப்பது

வெளிச்சம் இல்லாமல், கேமராவின் ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓவை ஏற்றி எடுத்தால் கிடைப்பது வெறும் புள்ளிப்புள்ளியான சாம்பல் நிறம். ஓடிடியில் ஏறும்போது அந்தக் கறுப்பு கட்டம் கட்டமாக உடைந்துவிடும். ஜன்னல், மேஜை விளக்கு, டார்ச் என்று காரணம் சொல்லக்கூடிய ஒரு வெளிச்சத்தைச் சட்டகத்துக்குள் வையுங்கள். பின்சுவர் மேல் லேசாக வெளிச்சம் விழுந்தால்தான் அதன் முன்னால் நிற்கும் உருவம் தெரியும். ஒரு ஸ்டாப் வரை, அதாவது இரு மடங்கு ஒளி வரை, கூடுதலாகவே எக்ஸ்போஸ் செய்து, பிறகு நிறம் சரிசெய்யும் கிரேடிங்கில் இறக்குங்கள். நிறப் படிகள் அதிகம் கிடைக்கும் 10-பிட்டில் முடிந்தவரை பதிவு செய்யுங்கள். பிறகு, விளக்கெரியும் அறையில் கைபேசியில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். பல பார்வையாளர்கள் அப்படித்தான் பார்க்கப் போகிறார்கள்.

ரத்தம் தனிக் கதை. கார்ன் சிரப், சிவப்பு உணவு நிறம், அடர்த்திக்கு ஒரு சொட்டு நீலமோ கொஞ்சம் கோகோ தூளோ சேர்ப்பது வழக்கமான கலவை. துணியில் படப்போகும் ரத்தத்தில் சில துளி பாத்திரம் கழுவும் திரவம் கலந்தால் கறை போக எளிது. வாயில் வைக்கும் ரத்தத்தில் அதைக் கலக்கவே கூடாது. நீல வெளிச்சத்தில் சிவப்பு கறுப்பாகத் தெரியும், ஆகவே அதே விளக்கு, அதே துணி, அதே கேமராவில் முன்கூட்டியே சோதிக்க வேண்டும். ரத்தம் படும் கதாபாத்திரத்துக்கு ஒரே உடையில் குறைந்தது மூன்று செட். துடைத்து, உடை மாற்றி, மறுபடி தயாராக அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால், சுத்தமான ஷாட்டுகளை எல்லாம் முதலில் முடித்துவிட்டு ரத்தத்துக்கு வருவதே புத்திசாலித்தனம். பசை, லேடெக்ஸ் இரண்டையும் நடிகரின் கையில் ஒரு நாள் முன்பே தடவிப் பார்க்க வேண்டும். பேய்க்கண் லென்ஸைக் கண் மருத்துவர் அளவெடுத்துத்தான் போட வேண்டும். நிஜக் கத்தி, நிஜத் துப்பாக்கி எதுவும் செட்டுக்குள் வரவே கூடாது.

ஒலியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்பது

படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் உட்கார்ந்து பார்ப்பார்கள். ஒலி கெட்டால் பயம் போய்ச் சிரிப்பு வரும். திகில் படத்தில் ஒரே காட்சியில் கிசுகிசுப்பும் அலறலும் இருக்கும். கிசுகிசுப்புக்கு லெவல் வைத்தால் அலறல் உடையும், உடைந்ததை முழுதாகச் சரிசெய்ய முடியாது. அதே மைக்கை இரண்டாவது டிராக்கில் 12 முதல் 18 டெசிபல் குறைத்துப் பதிவு செய்யுங்கள், அல்லது மிக மெல்லிய ஒலியையும் மிகப் பெரிய ஒலியையும் உடையாமல் பதியும் 32-பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் எடுங்கள். மைக்கே திணறினால் அதுவும் காப்பாற்றாது என்பதால் அலறலுக்குப் பூமை (நீண்ட கோலில் மாட்டிய மைக்) கொஞ்சம் விலக்கிப் பிடிக்க வேண்டும். அலறல் ஷாட்டுகளை நாளின் கடைசியில் வையுங்கள். காலையில் பத்து டேக் கத்தவைத்தால் மாலை வசனத்துக்குக் குரல் இருக்காது.

ஒவ்வொரு அறையிலும் எல்லோரும் அசையாமல் நின்று, ஒரு நிமிடம் அந்த அறையின் மௌனத்தைப் பதிவு செய்ய வேண்டும். அது இல்லாவிட்டால் வசனங்களுக்கு நடுவே ஒலி ஓட்டை விழும். காத்திருக்கும் அமைதிதான் பயத்தின் பாதி. அந்த அமைதியே செயற்கையாகக் கேட்டால் அடுத்து வரும் அதிர்ச்சி எடுபடாது. ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு, வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். மறுபடி போட மறக்காமல் இருக்க ஒலிப்பதிவாளர்கள் செய்யும் பழைய தந்திரம்.

இன்னொன்று. வசனம் குறைவான திகில் படம் வேற்று மொழிகளுக்கு எளிதாகப் போகும். அதற்கு வசனம் நீக்கிய, இசையும் சத்தங்களும் மட்டும் உள்ள டிராக் தேவை. வசன மைக்கில் பதிவான காலடி, கதவுச் சத்தம் எல்லாம் வசனத்தோடு சேர்ந்து போய்விடும் என்பதால், அவற்றைத் தனியே ஃபோலி செய்திருக்க, அதாவது ஸ்டுடியோவில் மறுபடி உருவாக்கிப் பதிவு செய்திருக்க, வேண்டும். எல்லா ஒலிகளையும் சேர்க்கும் மிக்ஸிங் தொடங்கும்போதே அந்த டிராக்கைக் கேட்டு வாங்காவிட்டால் பிறகு தனிச் செலவு.

காகிதத்தை அலட்சியப்படுத்துவது

1968-ல் வந்த ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ படத்துக்கு முதலில் வேறு தலைப்பு. விநியோகஸ்தர் தலைப்பை மாற்றியபோது, தலைப்பு அட்டையில் இருந்த காப்புரிமை அறிவிப்பும் சேர்ந்து போனது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அறிவிப்பு இல்லாமல் வெளியான படம் பொதுச்சொத்து. யார் வேண்டுமானாலும் பிரதி போட்டு விற்றார்கள். இன்று சட்டம் மாறிவிட்டது, பிழையின் வடிவம்தான் வேறு: நண்பர் எழுதிய கதை, சிநேகிதத்துக்கு இசையமைத்தவர், வாய்மொழியாக வீடு கொடுத்தவர். எழுத்தாளர், நடிகர், இசையமைப்பாளர், வீட்டு உரிமையாளர் ஒவ்வொருவரிடமும் படப்பிடிப்புக்கு முன்பே கையெழுத்து வாங்க வேண்டும். சுவரில் தொங்கும் ஓவியம்கூட ஒருவரின் உரிமை. விழாக்களுக்கு மட்டும் உரிமை வாங்கிய பாட்டோடு படத்தை விற்க முடியாது.

படத்தை விநியோகஸ்தர்களுக்கு விற்றுத்தரும் விற்பனை முகவரின் ஒப்பந்தத்தில் கமிஷன் விகிதத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள். கடிக்கும் இடம் வேறு: முகவர் கழித்துக்கொள்ளும் செலவுக்கு உச்சவரம்பு உண்டா, எத்தனை வருடம், எந்தெந்த நாடுகள், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கணக்கு வரும், நிறுவனம் திவாலானால் உரிமை தானாகத் திரும்புமா. உச்சவரம்பு இல்லையென்றால் வரும் பணமெல்லாம் செலவுக் கணக்கிலேயே அடங்கிவிடும்.

செட்டில் ஸ்டில்ஸ் எடுக்க ஆள் வைக்காததும் இந்த நேரத்தில்தான் உறைக்கும். வீடியோவிலிருந்து உருவிய மங்கல் படத்தில் போஸ்டர் நிற்காது. இரண்டு நாளாவது ஒரு புகைப்படக்காரர் இருக்கட்டும்.

விழாவுக்கு அவசரப்படுவது

கடைசித் தேதிக்குள் அனுப்பிவிடலாம் என்று ரஃப் கட்டை (முடியாத முதல் எடிட்) அனுப்பாதீர்கள். நிராகரித்த படத்தைத் தேர்வுக்குழு மறுபடி பார்ப்பது அரிது. சிட்ஜஸ், ஃபேன்டேசியா, ஃபேன்டாஸ்டிக் ஃபெஸ்ட் போன்ற திகில், மாயப் படங்களுக்கான விழாக்களுக்குக் குறிவைப்பவர்கள், முதல் திரையிடலை எங்கே கொடுப்பது என்று வரிசை போட்டுவிட்டு அனுப்ப வேண்டும். ஆர்வத்தில் யூடியூபில் ஏற்றிவிட்டால் அந்த வரிசையே கலைந்துவிடும்.

விழாவில் உங்கள் படத்தை ரசித்த ஒருவர் வந்து கேட்பது ஒரே கேள்விதான்: அடுத்து என்ன வைத்திருக்கிறீர்கள்? ‘யோசித்துக்கொண்டிருக்கிறேன்’ என்றால் அவர் அடுத்தவரிடம் போய்விடுவார். ‘த ஈவில் டெட்’ எடுப்பதற்கு முன், அதன் மாதிரியாக ஒரு குறும்படம் எடுத்துக் காட்டித்தான் முதலீடு திரட்டினார்கள். முதல் படம் மிக்ஸிங்கில் இருக்கும் மாதங்களில் உங்கள் கை சும்மா இருக்கும். இரண்டாவது கதையின் முழு ஸ்கிரிப்ட், ஒரு பக்கச் சுருக்கம், முடிந்தால் அதிலிருந்து மூன்று நிமிடக் காட்சி ஒன்று, இவற்றைத் தயார் செய்ய அதுதான் நேரம்.