ரீசெட்டுக்குப் போகும் முன் சேஃப் மோடு

கோத்தகிரியில் எங்கள் கடைக்கு போன் சர்வீஸ் பழக வரும் பையன்கள், நாங்கள் ஒரு காலத்தில் செய்த தவறுகளையேதான் செய்கிறார்கள். சார்ஜ் பார்க்காமல் தொடங்குவது போன்ற சில்லறைத் தவறுகளை விட்டுவிட்டு, பெரியவற்றை மட்டும் சொல்கிறேன்.

எடுத்த எடுப்பில் ரீசெட்

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல்தான். எஸ்டேட் லைனிலிருந்து ஓர் அக்கா வந்தார். திரை முழுக்க விளம்பரம் குதிக்கிறது என்று வேறொரு கடையில் கொடுத்திருக்கிறார். அங்கே ரெக்கவரிக்குள் (போன் முழுதாக எழும் முன் வரும் பழுதுபார்ப்பு மெனு) போய் மொத்தத்தையும் துடைத்துவிட்டார்கள். போன் எழுந்ததும் பழைய கூகுள் கணக்கைக் கேட்டது. திருடியவர் துடைத்துப் பயன்படுத்தாமல் இருக்க ஆண்ட்ராய்டு 5.1 முதல் இருக்கும் பூட்டு அது. கணக்கைத் தொடங்கித் தந்த மருமகன் திருப்பூரில். அவருக்கும் பாஸ்வேர்டு ஞாபகமில்லை. எப்படியோ கணக்கை மீட்டோம். பார்த்தால் கூகுள் போட்டோஸ் காலி! வைஃபை இருந்தால் மட்டும் பேக்கப் என்று செட்டிங் இருந்திருக்கிறது. லைன் வீட்டில் வைஃபை ஏது? பேத்தி படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

சேஃப் மோடில் முடிந்திருக்க வேண்டிய வேலை. பல போன்களில் பவர் மெனுவில் உள்ள பவர் ஆஃபை அழுத்திப் பிடித்தாலே, சேஃப் மோடுக்குப் போகவா என்று கேட்கும். சிலவற்றில் ஆன் ஆகும்போது வால்யூம் குறைக்கும் பட்டனைப் பிடிக்க வேண்டும். நாமாக ஏற்றிய ஆப் எதுவும் சேஃப் மோடில் ஓடாது. விளம்பரம் நின்றுவிட்டதா? குற்றவாளி அவற்றில் ஒன்று. கடைசியாக ஏற்றியதிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கி, ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். மொத்தமாக நீக்கினால் எது என்று தெரியாமலே போகும், அடுத்த வாரம் அதையே திரும்ப ஏற்றுவார்கள்.

வாட்ஸ்அப் காணோமே!

சேஃப் மோடில் இருக்கும்வரை அப்படித்தான், ரீஸ்டார்ட் செய்தால் வந்துவிடும். விட்ஜெட்டுகள் கலையலாம், முன்பே ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

நீக்க முடியவில்லை என்று கைவிடுவது

கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே (ஆப்பை ஏற்றும் ஃபைல்) மோசடி ஆப்பாக இருந்தால், ஏறியதும் ஐகானை மறைத்துக்கொள்ளலாம். செட்டிங்ஸில் ஆப் பட்டியலில் தேடுங்கள். அன்இன்ஸ்டால் மங்கலாக இருந்தால், அந்த ஆப்புக்குக் கொடுத்த டிவைஸ் அட்மின் (போனைக் கட்டுப்படுத்தும்) அனுமதியை முதலில் எடுங்கள். பணம் போயிருந்தால் சைபர் மோசடி உதவி எண் 1930-க்குக் கூப்பிட்டுவிட்டு அப்புறம் போனைத் தொடுங்கள்.

எல்லாப் பழியும் ஆப் மேல்

ஜனவரி உறைபனியில் சார்ஜ் மிச்சமிருந்தும் போன் அணைகிறது. சேஃப் மோடிலும் அப்படியே அணைந்தால் பேட்டரியைச் சந்தேகியுங்கள். குளிரில் பழைய பேட்டரி கரண்ட் தரத் திணறும்.

சேஃப் மோடை விட்டு வெளியே வரவில்லையா?

கவரைக் கழற்றுங்கள். கவர் இறுக்கி வால்யூம் பட்டன் அழுந்திக் கிடக்கலாம்.