கிறிஸ்துமஸ் முதல் கரிநாள் வரை: வீட்டுக் குப்பையை வீட்டிலேயே முடிக்க

கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு பொங்கலும் அதை ஒட்டிய கரிநாளும் வந்துவிடும். இந்த மூன்று வாரத்தில் நெல்லை, பாளையங்கோட்டை வீடுகளில் சேரும் குப்பையில் பெரும்பங்கு மக்கக்கூடியதுதான்: வாழையிலை, கரும்புச் சக்கை, கிழங்குத் தோல், காய்கறிக் கழிவு. அதைக் காகிதத்தோடும் கவரோடும் சேர்த்துக் கட்டுவதில்தான் எல்லாம் கெடுகிறது. ஈரம் பட்ட அட்டையைப் பழைய பேப்பர்காரர் எடுக்க மாட்டார். பிளாஸ்டிக் கலந்த இலை உரமாகாது.

முதல் வேலை, உர வாளி. வெள்ளையடித்த வீட்டில் 20 லிட்டர் பெயின்ட் வாளி மிஞ்சும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மூன்று வேண்டும். நன்றாகக் கழுவிக் காயவையுங்கள். அடியில் எட்டுத் துளை, பக்கவாட்டில் இரண்டு வரிசைத் துளை போட்டு, இரண்டு செங்கல் மேல் நிறுத்துங்கள். மழை விழாத திண்ணையோரம் நல்லது. அடியில் நான்கு விரல் உயரத்துக்குத் தேங்காய் நார். அதன்மேல் ஒரு பங்கு சமையல் கழிவு, ஒரு பங்கு காய்ந்த சருகு அல்லது உமி என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். மழை பிடித்த நாளில் காய்ந்தது இரண்டு பங்கு. ஒரு கை மாட்டுச் சாணத்தைக் கரைத்துத் தெளித்தால் சீக்கிரம் மக்கத் தொடங்கும். வாரம் இருமுறை கிளறுங்கள்.

ஈரம் சரியா என்று கையே சொல்லும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் இரண்டு மூன்று சொட்டு வரலாம். தண்ணீர் வழிந்தால் காற்றில்லாமல் புளித்து நாறும், சருகு கூட்டுங்கள். உதிர்ந்து எறும்பு மொய்த்தால் தண்ணீர் தெளியுங்கள்.

பலரும் தவறுவது வாழையிலையில். முழு இலையை அடுக்கிப் போட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பாய் விரித்தது போல் காற்றை அடைத்துவிடும். மேலே வாளி நன்றாக இருப்பதுபோல் தெரியும், கீழே கறுத்து நாறும். நடு நரம்பை உரித்துவிட்டு, இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்துப் போடுங்கள். நரம்பைத் துண்டு துண்டாக நறுக்கினால் அதுவும் மக்கும். இலையில் மிஞ்சிய ஊறுகாய், உப்பு, எண்ணெய்க் குழம்பை வழித்துவிட்டுத்தான் போடவேண்டும். ஆட்டெலும்பு, மீன் முள் வாளிக்கு வேண்டாம், எலி வரும். கொல்லையில் ஒன்றரை அடி ஆழத்தில் புதையுங்கள். இடமில்லாவிட்டால் ஈரக் குப்பையாகத் தனியே கொடுத்துவிடுங்கள்.

கிறிஸ்துமஸ் குடில் கட்டிய வீடுகளுக்கு ஒரு வசதி உண்டு. ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து குடிலைப் பிரிக்கும்போது வைக்கோலையும் புல்லையும் எரிக்காமல் சாக்கில் கட்டி வையுங்கள். பொங்கல் வாரத்தில் காய்ந்த பொருளுக்குத் தட்டுப்பாடு வரும், அப்போது கைகொடுக்கும். இதற்காகவே குடிலில் தெர்மாகோல், ஜிகினாத் தூள் சேர்க்காதீர்கள்; சேர்த்தால் அந்த வைக்கோலை எதற்கும் பயன்படுத்த முடியாது. நட்சத்திரத்தை மடித்து, சீரியல் பல்பை அட்டையில் சுற்றி வைத்தால் அடுத்த வருடமும் தொங்கும்.

பொங்கலுக்குச் சிறுகிழங்கு வாங்கினால் கத்தியால் சீவாதீர்கள், பாதிக் கிழங்கு தோலோடு போய்விடும். ஊறவைத்து, சாக்கில் கட்டித் தரையில் தட்டித் தேயுங்கள். மெல்லிய தோல் மட்டும் கழன்று வரும். அந்த மண் தண்ணீர் செடிக்கு. கரும்புச் சக்கையை ஒரு நாள் வெயிலில் காயவைத்து, நறுக்கி, சருகுக்குப் பதிலாகப் போடுங்கள். ஈரத்தோடு போட்டால் ஈ மொய்க்கும். பொங்கல் அடுப்பில் எரித்த பனையோலைச் சாம்பல் ஒரு வாளிக்கு ஒரு கைப்பிடி போதும். கூடினால் காரத்தன்மை ஏறி, மூக்கைத் துளைக்கும் நெடி கிளம்பும். மிச்சம் பாத்திரம் துலக்க ஆகும்.

பலகாரம் கொடுத்தனுப்ப ஓலைப்பெட்டிதான் சரி. அச்சுமுறுக்கும் முந்திரிக்கொத்தும் நன்றாக ஆறியபின், வெள்ளைத் துணி விரித்து வையுங்கள். சூடாக வைத்தால் வேர்த்து, ஓலையில் பூசணம் பிடிக்கும். பெட்டி திரும்பி வந்ததும் ஈரத் துணியால் துடைத்து வெயிலில் காயவையுங்கள். விருந்தாட்களுக்குக் காப்பி கொடுக்க எவர்சில்வர் டம்ளர் போதும். காகிதக் கப்பின் உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கும், மக்காது; 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவற்றில் அதுவும் ஒன்று.

பலகாரம் சுட்ட எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். குழாயில் உறைந்து அடைக்கும். முதலிலேயே சட்டியில் கொஞ்சமாக ஊற்றிச் சுட்டால் மிச்சமும் குறையும். மிஞ்சியதை வடிகட்டி, சில நாளுக்குள் தாளிக்கப் பயன்படுத்தித் தீர்த்துவிடுங்கள். கறுத்துப்போனதை உமியில் ஊற்றி உறிஞ்சவைத்து விறகடுப்புக்கு வையுங்கள்.

போகியன்று பாய், ஓலை தவிர ரப்பர், பிளாஸ்டிக், பாலியெஸ்டர் துணி எதையும் தீயில் போடாதீர்கள். அந்தப் புகை பிள்ளைகளின் நெஞ்சுக்குத்தான் போகும்.

பானையில் கட்டிய மஞ்சள் குலையில் இலையை வாளியில் சேர்த்துவிட்டு, முற்றிய கிழங்கைக் காய்ந்த மணலில் புதைத்து நிழலில் வையுங்கள். நிரம்பிய வாளியை மூடி, வாரம் ஒருமுறை மட்டும் கிளறி வந்தால் மூன்று மாதத்தில் கறுத்து, மண்வாசம் வீசும். இலையோ சக்கையோ இன்னும் அடையாளம் தெரிந்தால் சலித்து எடுத்து அடுத்த வாளியில் போடுங்கள். வைகாசியில் மஞ்சள் முளை விட்டிருக்கும். குழிக்கு இரண்டு கை உரம் போட்டு நடுங்கள்.