காட்டுச்செடியிலிருந்து கரை வடிவம்: தொடக்கநிலையினருக்கான செய்முறை

சேலைக் கரைக்கோ ரவிக்கைக் கைக்கோ கோலத்திற்கோ புதிய வடிவம் தேடுவோர், கைப்பேசியில் கிடைத்த படத்தைப் பார்த்து வரைவதே வழக்கமாகிவிட்டது. பினாங்கில் இருப்பவர்களுக்கு அதற்கு அவசியமே இல்லை. தண்ணீர்மலை முருகன் கோயில் சாலையிலேயே மேலும் சென்றால், 1884இல் தொடங்கப்பட்ட தாவரவியல் பூங்காவை அடையலாம். அங்கே நட்டு வளர்த்த மரங்களைவிட, ஓரங்களிலும் மலைச்சரிவிலும் தானாக முளைத்த செடிகளையே நான் பரிந்துரைப்பேன். ஒரே செடியைத் தளிராகவும் முற்றியதாகவும் காய்ந்ததாகவும் அடுத்தடுத்துப் பார்க்க அவைதாம் வாய்ப்பளிக்கின்றன.

கோடிடாத நோட்டு, 2பி பென்சில், சிறிய உருப்பெருக்கிக் கண்ணாடி, டிரேசிங் தாள் ஆகியவை போதும். சாய்வான காலை வெயிலில் இலை நரம்புகள் எடுப்பாகத் தெரியும். தின்பண்டப் பையைக் கையில் பிடித்துச் செல்லாதீர்கள். குரங்குகள் உங்களை வரைய விடா.

படி 1: ஒரே செடியின் முன் நில்லுங்கள்

செண்டுடுக் என்ற காட்டுப் புதர்ச்செடியில் தொடங்கலாம். ஊதா நிறப் பூவே முதலில் கண்ணை இழுக்கும் என்றாலும், இலையைத் திருப்பிப் பாருங்கள். காம்பருகே கிளம்பும் மூன்று அல்லது ஐந்து பெருநரம்புகள் இலை விளிம்பின் வளைவையொட்டி ஓடி நுனியில் கூடுகின்றன. அவற்றுக்கிடையே மெல்லிய குறுக்கு நரம்புகள் ஏணிப்படிகளாக நெருங்கி அமைந்திருக்கின்றன. பூவிலும் வியப்புண்டு: ஐந்து இதழ்களுக்கு நடுவே நீண்டு வளைந்த ஊதா மகரந்தத்தாள்கள் ஐந்தும், குட்டையான மஞ்சள் நிறத்தாள்கள் ஐந்தும் உள்ளன. பூவை மேலிருந்து மட்டும் பார்த்து வரைபவர் அந்த வளைவைத் தவறவிடுவார், பக்கவாட்டிலும் பாருங்கள். எதையும் பறிக்க வேண்டாம்.

படி 2: வளரும் விதியைக் கண்டுபிடியுங்கள்

இதுவே இம்முறையின் உயிர்நாடி. வெயில்படும் சரிவுகளில் புதராக மண்டும் ரெசாம் என்ற பெரணியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தண்டு ஓரளவு நீண்டதும் நுனிமொட்டு வளர்ச்சியை நிறுத்திக்கொள்ள, இருபுறமும் கிளைகள் கவையாகப் பிரிகின்றன. அக்கிளைகளும் அவ்வாறே நின்று மீண்டும் இரண்டிரண்டாகப் பிரிகின்றன. ‘நீள், நில், இரண்டாகப் பிரி’ என்று இந்த விதியை நோட்டில் எழுதிவைத்தால், செடி கண்முன் இல்லாதபோதும் அதன் சாயலில் எத்தனை வடிவங்களையும் உங்களால் உருவாக்க முடியும். படத்தை நகலெடுப்பவரிடம் ஒரே ஒரு வடிவம்தான் இருக்கும்.

படி 3: எலும்புக்கோடுகளை மட்டும் வரையுங்கள்

நிழலும் நிறமும் வேண்டாம். நடுக்கோடு, கிளை பிரியும் இடம், வெளிவரம்பு ஆகியவற்றை மட்டும் வரைந்து, டிரேசிங் தாளை அதன்மேல் வைத்து, ஒவ்வொரு முறையும் சில கோடுகளை விட்டுவிட்டு மறுபடி வரையுங்கள். செடியின் சாயல் மறையும் கட்டத்திற்கு முந்தையதே உங்களுக்குரிய வடிவம். நம் முன்னோரும் அக்கம்பக்கத்தாரும் எவ்வளவு துணிந்து குறைத்தார்கள் என்பதற்கு, காஞ்சிப் பட்டின் தாழம்பூ ரேக்குக் கரையையும், மூங்கில் குருத்தைக் கூம்பிய முக்கோணமாக்கி சொங்கெட் என்ற மலாய்ச் சரிகைத் துணியில் நெய்யும் ‘புச்சுக் ரெபுங்’ வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: வெவ்வேறு செடிகள், வெவ்வேறு தறிகள், ஆனால் இரண்டிலும் எஞ்சியிருப்பது கூர்நுனி முக்கோண வரிசை.

படி 4: அடுக்குங்கள்

கோலப் பழக்கம் உள்ளவர்களுக்கு இது எளிது. சமதூரத்தில் புள்ளிகள் வைத்து, வடிவத்தை ஒரு புள்ளியில் நேராகவும், அடுத்ததில் தலைகீழாகவும், பிறகு கண்ணாடிப் பிம்பமாகவும் வைத்துப் பாருங்கள். வடிவங்களுக்கு இடையே உருவாகும் வெற்றிடமும் ஒரு வடிவமே. அது அழகற்று இருந்தால் புள்ளிகளின் இடைவெளியை மாற்றுங்கள்.

படி 5: துணிக்கேற்பத் திருத்துங்கள்

துணியில் மெழுகால் கோடு வரைந்து சாயமிடும் கைப் பாத்தேக்கில் மெழுகுக்கோடுதான் சாயத்தைத் தடுத்து நிறுத்துகிறது. கோட்டில் சிறு இடைவெளி இருந்தாலும் சாயம் வெளியே பரவிவிடும். ஆகவே செண்டுடுக் இலை போன்ற மூடிய வடிவங்கள் அதற்கு ஏற்றவை. ரெசாமின் திறந்த கவைகள், கொக்கி ஊசியால் தைக்கும் ஆரி வேலைக்கே பொருந்தும். ஊசி ஒரே ஓட்டமாகச் செல்லும்படி கிளைகளின் வரிசையை மட்டும் முன்கூட்டியே எண்ணிட்டுக்கொள்ளுங்கள்.