வஞ்சிரம் வறுத்த சிந்தசைசர்

ராயபுரத்தில் எங்கள் மாடியில் நின்றால் காசிமேட்டுப் பக்கத்துக் காற்று நேராக முகத்தில் அடிக்கும். அந்த உப்புக் காற்று இரும்புக் கேட்டையே விடாது, என் ரோலண்ட் எஸ்எச்-101 சிந்தசைசரை, மின்சாரத்தில் ஒலி உண்டாக்கும் அந்தக் கீபோர்டை, விடுமா? 1982-இல் வந்த மாடல். ஒரு நேரத்தில் ஒரே சுரம், ஒலியைப் பிறப்பிக்கும் ஆஸிலேட்டரும் ஒன்றே. ஆனால் ஒன்றோ இரண்டோ ஸ்தாயி கீழிறங்கி உறுமும் சப் ஆஸிலேட்டர் இருக்கிறதே, சுவரே அதிரும்.

போன மழைக்காலம் முடிந்ததும் ஒலியின் கூர்மையை வெட்டும் ஃபில்டரின் ஸ்லைடரை, அந்தத் தள்ளு குமிழை, தொட்டாலே கரகர. கீழ்வீட்டு அக்கா படியில் நின்று, "இன்னாப்பா, வஞ்சிரம் வறுக்கிறியா?" என்றார்.

உள்ளே இருக்கும் ஐசி சிப் போய்விட்டதோ என்று பயந்தேன். ஆனால் ஸ்லைடரை அசைக்காமல் வாசித்தால் ஒலி சுத்தம். அப்போ கோளாறு சர்க்யூட்டில் இல்லை, ஸ்லைடருக்குள் இருக்கும் கார்பன் பட்டையில் படிந்த அழுக்கில்.

அடாப்டர், பேட்டரி எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் திறந்தேன். பிரஷ்ஷால் தூசி தட்டி, ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய காண்டாக்ட் கிளீனரை (மின் தொடர்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்பிரே) ஸ்லைடர் பிளவில் ஒரே ஒரு பீச்சு. மேலும் கீழுமாக 30 தடவை. கறுப்பாக ஒழுகியதைத் துடைத்தேன். கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரே மட்டும் வேண்டவே வேண்டாம், தூசியை இன்னும் இழுக்கும். ஒரு பழைய ஆம்ப்ளிஃபையரை அப்படித்தான் கெடுத்தேன்.

நன்றாகக் காயவிட்டு ஆன் செய்தேன். ஃபில்டர் வெட்டும் இடத்தில் ஒலியைத் தூக்கிக் காட்டும் ரெசொனன்ஸை உச்சத்தில் வைத்ததும் ஃபில்டர் தானாக விசிலடித்தது. எங்கே வெட்டுவது என்று சொல்லும் கட்டாஃப் ஸ்லைடரைத் தள்ளினால் வெண்ணெய் மாதிரி வழுக்கி ஏறுகிறது. இரைச்சலைக் கலக்கும் நாய்ஸ் ஸ்லைடர் மட்டும் இன்னும் கரகரக்கிறது. அது நாய்ஸ்தானே, யாருக்குத் தெரியப்போகிறது?